ஏவும் கம்பியும் சுமக்கும் கம்பியும்

தேனியிலிருந்து தென்மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடந்து, லோயர் கேம்ப் என்னும் இடத்தில் மலையடிவாரத்தை அடைகின்றது. அதுவரையில் சாலையின் இருமருங்கும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் தென்னஞ்சோலைகளும் திராட்சைப் பந்தல்களும் தொடர்ந்து வரும். அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து ஏறிக் குமுளியைச் சேர்கின்றது. ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், காய்கறி லாரிகள், கார்த்திகை மார்கழித் திங்கள்களில் சபரிமலைக்குச் செல்லும் அடியார்களின் வண்டிகள் என, இச்சாலையில் போக்குவரத்து ஓய்வதில்லை. இவற்றுள் பாட்டு ஒலிக்காத வண்டி அரிது.

முன்னாளில் வண்டியின் முகப்பில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. பின்னர் ஒலிநாடாக் கருவி வந்தது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அவ்விடத்தைச் சிறு கணினி ஒன்று பிடித்துக்கொண்டது. வழிகாட்டும் நிலப்படமும், வண்டியைப் பின்னால் எடுக்கும்பொழுது புறத்தே உள்ளவற்றைக் காட்டும் படமும், பாட்டும் ஆகிய எல்லாம் அதன் திரையிலிருந்தே நடைபெறுகின்றன. ஆயினும் ஸ்பீக்கர்களை உரக்க ஒலிக்கச் செய்யும் ஆற்றல் அக்கணினிக்கு இல்லை. அதற்கென இருக்கைக்கு அடியிலோ வண்டியின் பின்புறத்திலோ வேறொரு பெட்டி வைக்கப்படுகின்றது. ஆம்பிளிபையர் என எல்லாரும் வழங்கும் இப்பெட்டியை நாம் இங்குப் பெருக்கி என்போம். கணினி தரும் மெல்லிய மின்குறியைப் பன்மடங்கு வலிவுடையதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது இதன் தொழில்.

முகப்பில் இருக்கும் கணினி, பின்னால் இருக்கும் பெருக்கியை எவ்வாறு இயக்கி நிறுத்துகின்றது? கேட்பதற்கு இஃது எளிய வினாவாகவே தோன்றும். ஆனால் இதற்குத் தவறான விடை கண்டவன், குமுளியில் இரவு தங்கிவிட்டு, பனி மூடிய விடியற்காலையில் வண்டியைக் கிளப்ப முடியாமல் நிற்க நேரும். ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலிற் சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். 360 வாட் ஆற்றலைக் கொள்ளும் கருவி ஒன்றை வீட்டில் இயக்கினால், அதன் கம்பியில் ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் மின்னோட்டமே செல்லும். வண்டியின் பாட்டரியோ 12 வோல்ட் அழுத்தமே உடையது. அதே 360 வாட்டை அதிலிருந்து பெறவேண்டின், 30 ஆம்பியர் ஓடியாக வேண்டும். அழுத்தம் குறையக் குறைய ஓட்டம் பெருகுகின்றது. ஓட்டம் இரு மடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். எனவேதான், பெருக்கிக்குப் பாட்டரியிலிருந்து நேரே விரற்கடைப் பருமனுள்ள தனிக் கம்பி போடுகின்றனர். பாட்டரியை ஒட்டியே அதற்கு ஒரு பியூஸும் வைக்கின்றனர். அது சுமக்கும் கம்பி.

இப்பெரிய ஓட்டத்தை முகப்பில் உள்ள ஒரு சிறு சுவிட்சின் வழியே செலுத்தி நிறுத்தலாகாதா எனின், ஆகாது. அப்பருத்த கம்பியை முகப்பு வரை கொண்டுபோய் மீண்டும் பின்னுக்குக் கொணர வேண்டும். நீளம் கூடுந்தோறும் அழுத்தம் வழியிலேயே வீணாகும். சிறிய சுவிட்சின் முனைகளும் அவ்வோட்டத்தைத் தாங்கமாட்டாமற் காய்ந்து கருகும். கணினியைப் பற்றியோ சொல்லவே வேண்டா. அதன் யூ.எஸ்.பி. வாய் ஒன்று தருவது 5 வோல்ட். வழக்கமான ஓட்டம் அரை ஆம்பியர். இரண்டரை வாட் உடைய ஒன்று, முந்நூற்று அறுபது வாட்டை எவ்வாறு ஆளும்?

கம்பம் பள்ளத்தாக்கின் மாணவர்க்கு இதற்குரிய விடை தம் தோட்டத்துக் கிணற்றடியிலேயே இருக்கின்றது. பம்புசெட்டு அறையில் சுவரில் பொருத்திய ஸ்டார்ட்டர் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் 'டக்' என்ற ஓசையுடன் மோட்டார் ஓடத் தொடங்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். மோட்டாருக்குச் செல்லும் மும்முனை மின்சாரம் அப்பொத்தான்களின் வழியே செல்வதன்று. பெட்டியினுள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கின்றது. பச்சைப் பொத்தான் அச்சுருளுக்குச் சிறிதளவு மின்னோட்டத்தைத் தருகின்றது. உடனே சுருள் காந்தமாகி, இரும்புத் துண்டு ஒன்றை இழுக்கின்றது. அவ்விரும்போடு பிணைந்த பெரிய செப்பு முனைகள் ஒன்றோடொன்று பொருந்த, மோட்டாருக்கு மின்சாரம் பாய்கின்றது. நாம் கேட்ட ஓசை அம்முனைகள் பொருந்திய ஓசையே. மின்சாரம் தடைப்பட்டால் காந்தம் தன் வலியை இழக்கும், முனைகள் பிரியும்.

இப்பொழுது உழவர் பலர் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியால் மோட்டாரை ஓட்டுகின்றனர். நள்ளிரவில் நீர் பாய்ச்ச, பாம்புக்கு அஞ்சி விளக்கோடு வரப்பில் நடந்த தொல்லை அவர்களுக்கு நீங்கிற்று. தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை இக்கருவிக்கு மானியமும் வழங்கியிருக்கின்றது. கைப்பேசியின் அழைப்பை ஏற்கும் சிறு பெட்டி மோட்டாரைத் தொடுவதே இல்லை. பச்சைப் பொத்தானை அமுக்கும் விரலுக்குப் பதிலாக அது நிற்கின்றது, அவ்வளவே.

மலையடிவாரத்துக்குச் சென்றால் இதே முறையைப் பேருருவிற் காணலாம். 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்புகின்றது. பென்னி குயிக் என்னும் பொறியாளரின் பெயரை இப்பகுதி மக்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குவது இதன்பொருட்டே. அந்நீர் நான்கு பெருங்குழாய்களில் இறங்கி, லோயர் கேம்பில் உள்ள பெரியாறு மின் நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றுகின்றது. முதல் இயந்திரம் 1958இல் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வொன்றின் திறனும் 35,000 கிலோவாட். பின்னர்ச் சிலவற்றின் திறன் உயர்த்தப்பட்டது. இத்தகைய மின் நிலையங்களில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரத்தை இணைப்பதும் துண்டிப்பதும், கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் சிறு கைப்பிடியைத் திருப்புவதாலேயே நிகழ்கின்றன. அவர் கைக்கருகே ஓடுவது பாட்டரி வரிசையொன்றிலிருந்து வரும் சிறிய ஏவல் ஓட்டமே. பேரோட்டமோ வேறிடத்தில், மனிதர் அணுகாத வேலிக்குள் இருக்கின்றது.

சிற்றோட்டத்தைக் கொண்டு பேரோட்டத்தை ஆளும் இக்கருவிக்கு ரிலே என்று பெயர். 1830களில் ஜோசப் ஹென்றி என்னும் அமெரிக்க அறிஞர் இம்முறையைத் தம் ஆய்வுகளிற் கையாண்டார். தந்திக்கு இது பெரிதும் பயன்பட்டது. நெடுந்தொலைவு சென்று களைத்த மின்னோட்டம், வழியில் ஒரு ரிலேயை இழுக்கும். அந்த ரிலே புதிய பாட்டரியின் ஓட்டத்தை அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதிய குதிரையைப் பூட்டும் பழைய வழக்கத்திலிருந்தே அப்பெயர் வந்தது. தமிழில் 'அஞ்சல்' என்னும் சொல் இப்பொருளுக்கு மிகவும் பொருந்தும். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை வானொலியார் 'அஞ்சல் செய்தல்' என்றே கூறுவர். அஞ்சல் ஓட்டப் பந்தயத்தையும் நீங்கள் அறிவீர்கள். இந்தியாவில் 1851இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தொடங்கிய தந்தித் தொண்டு, 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறுத்தப்பட்டது. தந்தி மறைந்தது, ரிலே மறையவில்லை.

இனி வண்டிக்குத் திரும்புவோம். பெருக்கியின் பின்புறத்தில் மூன்று மின்முனைகள் இருக்கும். ஒன்று பாட்டரியின் நேர்முனைக்கு. மற்றொன்று வண்டியின் உடலாகிய எதிர்முனைக்கு. இவை இரண்டும் பெரியவை. இவற்றுக்கிடையே 'ரிமோட்' என்று பொறித்த சிறிய முனை ஒன்று உண்டு. அதற்கு 12 வோல்ட் அழுத்தம் கிடைத்தால் பெருக்கி விழிக்கும். அவ்வழுத்தம் நீங்கினால் உறங்கும். அம்முனை உட்கொள்ளும் ஓட்டம் மிக அற்பமானது. ஆகவே நூல் போன்ற மெல்லிய கம்பியே அதற்குப் போதும். கடைகளில் தனியாக வாங்கிப் பொருத்தும் பாட்டுக் கருவிகளில் இக்கம்பி பெரும்பாலும் வெண்கோடிட்ட நீல நிறத்தில் இருக்கும். இதுவே ஏவும் கம்பி.

பாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவியாயின் அந்நீலக் கம்பியை இணைத்தவுடன் வேலை முடிந்தது. பொதுப் பணிக்கான கணினியை வண்டியில் வைப்போர்க்குத்தான் இடர்ப்பாடு. அவர்களுடைய கணினியில் நீலக் கம்பி இராது. யூ.எஸ்.பி. வாயில் கிடைப்பதோ 5 வோல்ட். ராஸ்பெரி பை போன்ற கையகலக் கணினிப் பலகையாயின் அதன் ஏவல் முனையில் 3.3 வோல்ட்டே கிடைக்கும். அதனின்றும் மிகச் சிறிதளவு ஓட்டத்துக்கு மேல் எடுப்பது கேடு. இஃது ஒரு சிறு ரிலேயின் சுருளை இழுப்பதற்கும் போதாது. ஆகவே அம்முனை முதலில் ஒரு டிரான்சிஸ்டரை ஏவுகின்றது. டிரான்சிஸ்டர் ரிலேயை ஏவுகின்றது. ரிலே பாட்டரியின் 12 வோல்ட்டை ரிமோட் முனைக்கு விடுகின்றது. அது பெருக்கியின் உள்ளே உறங்கும் பேரோட்டத்தை எழுப்புகின்றது. ஊர் மணியக்காரர் தலையாரியிடம் சொல்ல, தலையாரி தண்டோராக்காரனிடம் சொல்ல, ஊர் முழுதும் திரண்டாற்போன்றது இது.

இவ்வமைப்பில் கைப்பழக்கம் இல்லாதோர் ஒன்றை மறந்துவிடுவர். ரிலேயின் சுருளுக்குச் செல்லும் ஓட்டம் சட்டென நிற்கும்பொழுது, அதிலிருந்த காந்தப் புலம் சரிந்து, எதிர்த்திசையில் உயர்ந்த அழுத்தம் ஒன்றைக் கணநேரம் உண்டாக்கும். 12 வோல்ட் சுருளிலும் அது நூறு வோல்ட்டைத் தாண்டக்கூடும். டிரான்சிஸ்டர் அவ்வடியைத் தாங்காது. ஒரு வழியில் மட்டுமே மின்சாரத்தை விடும் டயோடு ஒன்றைச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, அதன் கோடிட்ட பக்கம் நேர்முனையைப் பார்க்குமாறு வைத்தால், எழும் ஓட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். சில காசு விலையுள்ள அத்துணுக்கு, பல ஆயிரம் ரூபாய்க் கணினியைக் காக்கின்றது.

எதனை முன்னே இயக்குவது, எதனைப் பின்னே இயக்குவது என்பதும் ஒரு செய்தி. கணினி விழிக்கும்பொழுது அதன் ஒலிமுனையில் மின்னழுத்தம் ஒரு முறை துள்ளும். பெருக்கி அதற்கு முன்னரே விழித்திருந்தால், அத்துள்ளலையும் பெருக்கி, ஸ்பீக்கரில் 'தொம்' என்னும் பேரோசையாக வெளியிடும். உறங்கும் குழந்தை திடுக்கிட்டு அழுவது ஒருபுறமிருக்க, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் நாளடைவிற் பழுதுறும். எனவே கணினி எழுந்து, சில விநாடிகள் கழிந்த பின்னரே பெருக்கி எழவேண்டும். நிறுத்தும்பொழுது முறை தலைகீழாகும். பெருக்கி முதலில் உறங்க, கணினி பின்னர் அடங்கவேண்டும். வண்டிக் கணினிகளுக்கென்றே செய்யப்படும் மின்வழங்கிகள் சிலவற்றில், இக்காலத் தாழ்வைத் தானே பார்த்துக்கொள்ளும் தனி முனை ஒன்று அமைத்திருக்கின்றனர். அஃது இல்லாதவிடத்துக் கணினிக்குள் எழுதும் சில வரி ஆணைகளால் இதனைச் செய்யலாம்.

இனி, குமுளியின் விடியற்காலை. பெருக்கி பாடாமல் விழித்திருந்தாலும் ஓர் ஆம்பியரளவு உண்ணும். அதனோடு கணினியும் விழித்திருப்பின் மூன்று ஆம்பியர் ஆகலாம். இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை பத்து மணி நேரம். ஆக 30 ஆம்பியர்-மணி செலவாகிவிடும். சிறிய கார் ஒன்றின் பாட்டரி கொள்வது 40 ஆம்பியர்-மணி அளவே. எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், குளிரில் பாட்டரியின் வலிவும் குன்றியிருக்கும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்னும் ஓசை ஒன்றே விடையாகும். பிறகு வேறொரு வண்டியின் பாட்டரியைத் தேடி நிற்கவேண்டியதுதான்.

இது நிகழக் காரணம், கணினி உறங்குவது போலத் தோன்றி உறங்காமையே. திரை இருண்டதும் அது நின்றுவிட்டதென்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். பல கணினிகள், உறங்கிய பின்னும், கைப்பேசி முதலியவற்றுக்கு மின்னேற்றும் வசதிக்காகத் தம் யூ.எஸ்.பி. வாய்களில் 5 வோல்ட்டை விடாமல் வைத்திருக்கின்றன. ரிலேயின் சுருளை அவ்வாயில் இணைத்தவனுக்குப் பெருக்கி இரவெல்லாம் விழித்திருக்கும். ரிலே விடவேண்டிய 12 வோல்ட்டைப் பாட்டரியிலிருந்து நேரே எடுக்காமல், வண்டியின் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் கம்பியிலிருந்து எடுப்பது இதற்கு மருந்து. அப்பொழுது கணினி ஏமாற்றினாலும் சாவி ஏமாற்றாது.

வேலையை முடித்த மெக்கானிக், சாவியை எடுத்து, கதவுகளை மூடி, கால்மணி நேரம் பொறுத்திருப்பார். பின்னர் மின்னழுத்தமானியின் ஒரு முனையை வண்டியின் உடலிலும் மற்றொன்றைப் பெருக்கியின் ரிமோட் முனையிலும் வைத்துப் பார்ப்பார். முள் சுழியில் நின்றால் வண்டியை உரியவரிடம் ஒப்படைப்பார்; நில்லாவிடின், ஏவும் கம்பியைப் பின்தொடர்ந்து முகப்பை நோக்கி மீண்டும் தேடத் தொடங்குவார்.