உயிர்மருந்துச் சாலையும் அதன் காவற்கருவிகளும்

மருந்து என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன குளிகையும் குப்பியுமே. அவை உருவாகிய கட்டடத்தைப்பற்றி நாம் எண்ணுவதில்லை. சாதாரண குளிகைகளிற் பெரும்பாலானவை இரசாயன முறையால் ஆக்கப்படுவன. ஆயின், இந்நாளில் அரிய நோய்கள் பலவற்றுக்கு வழங்கப்படும் மருந்துகள் உயிருள்ள கலங்களினின்றும் பெறப்படும் புரதங்களாம். இவற்றை உயிர்மருந்துகள் என்பர். வேண்டிய உயிரை வளர்க்குமிடத்தில் வேண்டாத உயிரும் வளரும். ஆதலால், இம்மருந்துச் சாலைகளிற் சுவரும் காற்றும் நீரும் மருந்தின் கூறுகளாகவே மதிக்கப்படல் வேண்டும். அவற்றைப் பேணுதற்குத் தொழினுட்பம் எங்ஙனம் துணைபுரிகின்றது, அத்துணை எவ்விடத்தில் நின்றுவிடுகின்றது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

உயிர்மருந்துகள் பல, சீன ஹாம்ஸ்ரர் எனப்படும் எலிபோன்ற சிறு பிராணியின் சூலகக் கலங்களைக்கொண்டு ஆக்கப்படுகின்றன. 1957ஆம் ஆண்டளவில் தியடோர் பக் என்னும் அமெரிக்க அறிஞர் ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களின் வழித்தோன்றல்களே இவை. பெரிய உருக்குத் தொட்டிகளில், போசணைக் கரைசலிலே, ஏறத்தாழ 37 பாகை செல்சியசு வெப்பநிலையில் இவை வளர்க்கப்படுகின்றன. அக்கரைசல் கலங்களுக்கு எத்துணை உகந்ததோ, அத்துணை பற்றீரியாக்களுக்கும் உகந்தது.

எனவே, முதற்காவல் காற்றுக்கே. வடிகட்டிய காற்று ஒரே சீராக ஓடித் தூசியை அகற்றும் தூய அறையை, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சண்டியா ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லிஸ் விட்பீல்ட் அமைத்துக் காட்டினார். இத்தகைய அறைகளிற் பயன்படும் நுண்வடிகட்டிகள் 0.3 மைக்கிரோமீற்றர் பருமனுள்ள துணிக்கைகளில் 99.97 வீதத்தைத் தடுக்கவல்லன. மருந்தைக் குப்பியில் நிரப்பும் இடத்தில், ஒரு கன மீற்றர் காற்றில் 0.5 மைக்கிரோமீற்றரும் அதற்கு மேலும் பருமனுள்ள துணிக்கைகள் 3,520க்கு மேற்படலாகாது என்பது விதி. மேலும், தூய அறையின் காற்றமுக்கம் அடுத்த அறையின் அமுக்கத்திலும் ஏறத்தாழ 10 முதல் 15 பாஸ்கல் கூடுதலாக வைக்கப்படும். கதவு திறக்கும்போது காற்று உள்ளிருந்து வெளியே செல்லுமன்றி, வெளியிலிருந்து உள்ளே புகாது.

முன்னாளில் ஊழியர் ஒருவர் குறித்த வேளைகளில் மானிகளை வாசித்துப் பதிவேட்டில் எழுதுவார். இரு வாசிப்புகளுக்கிடையே நிகழ்ந்ததை எவரும் அறியார். இன்றோ அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், துணிக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை உணர்கருவிகள் இடையறாது அளந்து கணினிக்கு அனுப்புகின்றன. எல்லை கடந்தவுடன் எச்சரிக்கை ஒலிக்கின்றது. காற்றை உந்தும் விசிறியின் அதிர்வை அளந்து, அதன் பெயாரிங் தேய்ந்துவருவதை அது பழுதாகுமுன்னரே அறிதல் கூடும். ஊசிமருந்துக்குரிய நீர் பெரும்பாலும் ஏறத்தாழ 80 பாகையிற் குழாய்களில் ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். அதன் வெப்பமும் தூய்மையும் அவ்வாறே கண்காணிக்கப்படும். பதிவுகளை யார், எப்போது மாற்றினார் என்பதும் மறையாமல் இருத்தல் வேண்டும் என அமெரிக்க அரசு 1997ஆம் ஆண்டில் விதித்தது.

இத்துணைக் காவல் எதற்கு என்று ஐயுறுவார்க்கு, பொஸ்ரன் நகரில் ஓல்ஸ்ரன் என்னுமிடத்திலுள்ள ஜென்சைம் நிறுவன ஆலையின் வரலாறு விடையாகும். கோஷே, பாப்ரி என்னும் இரு அரிய பரம்பரை நோய்களுக்கான மருந்துகள் அங்கு ஆக்கப்பட்டன. அந்நோயாளரின் உடலில் ஒரு நொதியம் குறைவாயிருத்தலாற் கொழுப்புப் பொருள்கள் உறுப்புகளிற் படிகின்றன. அந்நொதியத்தை வாழ்நாள் முழுவதும் ஏற்றிக்கொள்ளல் வேண்டும். 2009ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவ்வாலையின் தொட்டியொன்றில் வெசிவைரசு 2117 காணப்பட்டமையால் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அது மனிதருக்கு நோய் விளைப்பதாக அறியப்படாத வைரசு. ஆயினும் கலங்களின் வளர்ச்சியைக் கெடுத்தது. மருந்து அருகியது. நோயாளர் பலர் குறைந்த அளவையே பெற்றனர். சிலர் தவணைகளை இழந்தனர். பாப்ரி நோய்க்கு அமெரிக்காவில் அக்காலத்தில் அனுமதி பெற்ற வேறு மருந்தும் இருக்கவில்லை.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அதற்கு முந்திய 2008ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தின் தொட்டிகளில் விளைச்சல் குறைந்திருந்தது. அளவுகள் அதனைக் காட்டின; வழக்கமான சோதனைகளோ காரணத்தைக் காட்டவில்லை. இவ்வைரசுக்கெனத் தனிச்சோதனை அமைத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் மருந்துக் குப்பிகள் சிலவற்றில் உருக்கு, இறப்பர், நார் ஆகியவற்றின் நுண்துகள்கள் இருந்தமை அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு மார்ச்சில் மின்தடையும் நீர்த்தொகுதிக் கோளாறும் உற்பத்தியை மீண்டும் தடுத்தன. அவ்வாண்டு மே மாதத்தில் நிறுவனம் 175 மில்லியன் டொலர் செலுத்தவும், மேற்பார்வைக்குட்பட்டு ஆலையைத் திருத்தவும் உடன்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? கருவி தான் அளக்கும்படி அமைக்கப்பட்டதையே அளக்கும். அமுக்கமானி வைரசை அறியாது. விளைச்சல் குறைந்தது என்று கணினி கூறும்; ஏன் குறைந்தது என்னும் வினாவை எழுப்பவேண்டியவன் மனிதனே. எச்சரிக்கை மணி அடிக்கடி ஒலிப்பின் செவி அதற்குப் பழகிவிடும் என்பதும் அனுபவ உண்மை. ஆகவே, நல்ல கருவியும், அதன் சொல்லுக்குச் செவிசாய்க்கும் மனமும், காரணம் காணும்வரை ஓயாத ஆராய்ச்சியும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஆய்வுகூடத்தில் எதிர்பாராத அளவொன்றைப் பெறும்போது, அதனைப் பிழையென்று அழித்துவிட விழைவது இயல்பு. அழிக்குமுன் ஒருகணம் நின்று, "இது எதனால் நேர்ந்தது?" என வினவுவாராக. அவ்வினாவை உரிய காலத்தில் எழுப்புவோர் காக்கும் உயிர்கள், அவர் ஒருபோதும் காணாத நோயாளருடையனவாகவும் இருத்தல் கூடும்.