கரண்ட் மலிந்தால் வண்டிக்காரருக்கு என்ன மிச்சம்?

டில்லியில் மெட்ரோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வரிசையாக நிற்பவை பேட்டரி ரிக்‌ஷாக்கள். இரைச்சல் இல்லை, புகை இல்லை. 2010 வாக்கில் இவை அங்கே பெருகத் தொடங்கின. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி இவற்றைச் சேர்த்தார்கள். மின்சார வண்டி என்றதும் பணக்காரரின் கார்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ரிக்‌ஷாவும் மின்சார வண்டிதானே?

பெட்ரோலை எரித்தால் அதில் பெரும் பங்கு சூடாகவே வீணாகிறது. கால் பங்கு அளவுக்குத்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மின் மோட்டாரில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் செலவு குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய், கார் 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 6 கிலோமீட்டர் ஓடும். யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். யூனிட் 2 ரூபாய்க்குக் கிடைத்தால் 33 காசு போதும்.

2 ரூபாய்க்கு மின்சாரம் கிடைக்குமா? ராஜஸ்தான் பாலைவனத்தில் பட்லா என்ற இடம் இருக்கிறது. அங்கே 2017-இல் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசுக்கே வந்தது. ஆனால் இது உற்பத்தி செய்யும் இடத்து விலை. கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், வழியில் ஆகும் இழப்பு எல்லாம் சேர்ந்தால் விலை ஏறும். தோட்டத்தில் தக்காளி விற்கும் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சரி, அந்தச் செலவும் குறைந்து கரண்ட் மலிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ரிக்‌ஷாக்காரருக்கு என்ன மிச்சம்? ரிக்‌ஷாவில் பெரும்பாலும் நான்கு ஈய பேட்டரிகள் இருக்கும். இரவெல்லாம் சார்ஜ் ஏற்ற ஏழெட்டு யூனிட் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்றால் 64 ரூபாய். இந்தப் பேட்டரிகள் ஓராண்டு தாங்கினாலே பெரிது. புது செட் 30,000 ரூபாய், 300 நாள் ஓடுகிறது என்று வைத்தால் நாளுக்கு 100 ரூபாய் பேட்டரிக்கே போகிறது. கரண்டை இனாமாகக் கொடுத்தாலும் இந்த 100 ரூபாய் குறையாது. இதைக் கவனிக்காமல் கரண்ட் விலையை மட்டும் பேசுகிறவர்கள் பாதிக் கணக்குத்தான் போடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பலருக்கு வண்டி நிறுத்த வீட்டில் இடமில்லை. சார்ஜ் போடும் கொட்டகையில் ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுத்து நிறுத்துகிறார்கள். யூனிட் விலை குறைந்தால் கொட்டகைக்காரர் வாடகையைக் குறைப்பாரா? மீட்டர் வைத்து, ஏறிய யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்கினால்தான் லாபம் ஓட்டுகிறவர் கைக்கு வரும்.

கார் வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் மலிந்தால் கொண்டாட்டம்தான். ஆனால் காரும் பெருகும், நெரிசலும் கூடும். என்னைக் கேட்டால் மலிந்த கரண்ட் முதலில் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

சூரிய மின்சாரம் நண்பகலில் மிகுதியாகக் கிடைக்கும். ரிக்‌ஷா சார்ஜ் ஏறுவதோ ராத்திரி. அப்போது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்தான் வருகிறது. லித்தியம் பேட்டரி இங்கே உதவும். விலை கூடுதல், ஆனால் பல ஆண்டு உழைக்கும். மூன்று, நான்கு மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். மதியம் சவாரி குறைந்த நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். சில நகரங்களில் பேட்டரி மாற்றிக் கொடுக்கும் நிலையங்களும் வந்திருக்கின்றன. தீர்ந்ததைக் கொடுத்து, சார்ஜ் ஏறியதை வாங்கி மாட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கிளம்பலாம். பேட்டரி நிலையத்தாருடையது. அது கெட்டால் மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. ஓட்டுகிறவர் பேட்டரிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.