இரகசியமும் கணக்கேடும்

ஒரு கடதாசியின் அருமையை வன்னி மக்களுக்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை அடைந்தோருட் பலர் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் இழந்தே வந்தனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்ட பின்னரும், பெயர், ஊர், உடற்காயம், காணாமற்போன பிள்ளை என ஒவ்வொன்றையும் பல அலுவலகங்களுக்கு அவர்கள் மீண்டும் மீண்டும் எழுதிக் கொடுத்தனர். அவ்விவரங்களை யார் பார்க்கலாம்? பார்த்தவர் யார் என்பதை எங்ஙனம் அறிவது? விண்ணப்பங்களை வாசித்து வகைப்படுத்தும் வேலை செயற்கை நுண்ணறிவின் கைக்கு மாறத் தொடங்கியுள்ள இந்நாளில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே.

12 இலக்கங்கள் கொண்ட நமது தேசிய அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 4 இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த 3 இலக்கங்கள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணே ஆளைச் சொல்லிவிடுகிறது. ஆதலால் பெயரை மாத்திரம் அழித்துவிட்டு விண்ணப்பத்தை இயந்திரத்திடம் கொடுத்தல் காவலாகாது. வேலைக்கு வேண்டிய விவரத்தை மட்டும் கொடுப்பதே முதற் காவல்.

காத்தோம் என்று வாயாற் சொன்னாற் போதுமா? கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கப்பிள்ளை நேர்மையானவர் என்று ஊரே கூறினாலும், கணக்காய்வாளர் பற்றுச்சீட்டையும் கையிருப்பையும் ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுவார். இயந்திரத்துக்கும் அதுவே முறை. எவ்வகை விவரம் எப்போது உட்சென்றது, என்ன முடிவு வந்தது, எந்த அலுவலர் அதைச் சரிபார்த்தார் என்பவை பின்னர் திருத்த இயலாதவாறு பதிவாக வேண்டும். அப்பதிவேடு ஒரு தாயின் துயரக் கதையையே படியெடுத்து வைத்தலும் ஆகாது. காவற்கணக்கே இரகசியத்தை வெளியிடும் வாயிலாகிவிடும்.

இம்முறை தவறினால் நேர்வதை நெதர்லாந்து கண்டது. அங்கே பிள்ளைப் பராமரிப்பு உதவிப்பணத்தில் மோசடியைத் தேட வரித் திணைக்களம் கையாண்ட கணினி முறை, குடியுரிமையையும் ஓர் அறிகுறியாகக் கொண்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர் வீணே குற்றஞ்சாட்டப்பட்டுக் கடனாளிகளாயினர். தம்மை ஏன் சந்தேகித்தனர் என்று வினவியோர்க்குத் தக்க விடை கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கமே பதவி விலகிற்று. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அரச உதவிக்குத் தகுதி பார்க்கும் முறைகளை உயர் ஆபத்துடையவையாக வகுத்து, அவற்றின் செயல்கள் தாமாகவே பதிவாக வேண்டுமென விதிக்கிறது.

நம் நாட்டிலும் 2023 இல் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டம், 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தெரிவு செய்தது. மேன்முறையீடுகளும் மலையெனக் குவிந்தன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முற்றிலும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட சில முடிவுகளை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை வகுத்துள்ளது. தரவை வைத்திருப்போர் தம் பொறுப்பை நிறைவேற்றியமையைக் காட்டவேண்டும் என்றும் கூறுகிறது. அதன் பகுதிகள் ஒருங்கே அன்றி வெவ்வேறு காலங்களில் நடைமுறைக்கு வருமாறு அமைந்தவை. ஆயினும் கேள்வி கேட்க நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

படிவத்தை நிரப்புமுன், "இதை யார் பார்ப்பார்? எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? இயந்திரம் பிழைத்தால் பதில் சொல்லும் மனிதர் யார்?" என்று குடும்பத்தவர் பணிவுடன் கேட்கலாம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பயிலும் மாணவர்காள்! நாளை இத்தகைய இயந்திரங்களை ஆக்கப்போகிறவர்கள் நீங்கள். வேகமாக முடிவு சொல்லும் இயந்திரத்தை எவரும் ஆக்கலாம். முடிவுக்குக் கணக்குக் காட்டும் இயந்திரமே இம்மண்ணுக்கு வேண்டும்.