சாக்ஸபோனில் உச்ச ஸ்வரங்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குப்பமொன்றிலிருந்து வந்து நமது கல்லூரியிற் பயிலும் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளாகச் சாக்ஸபோன் வாசித்து வருகின்றார். உச்ச ஸ்வரங்களுக்குரிய விரலமைப்புப் பட்டியலொன்றைப் பெற்று, அதன்படியே சாவிகளை அழுத்தி ஊதியும், கிறீச்சென்ற ஓசையன்றி வேறொன்றும் பிறக்கவில்லை. பல்லை இறுக்கியதால் உதடு புண்ணானதே பயன். "எனக்கு இவ்வித்தை வாராது, ஐயா" என்று கருவியைப் பெட்டியிலிட்டு மூடினார். அவர் போன்றார் பொருட்டே இச்சிறு வியாசம்.

அடோல்ப் ஸாக்ஸ் என்பார் 1846-ல் உரிமை பெற்ற இக்கருவி, நம் நாகசுரத்தைப் போன்றே, வரவர அகலும் குழாயுடையது. இதன் இயல்பான எல்லை ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயி. அதற்கு மேலுள்ள ஸ்வரங்களுக்கெனத் தனித் துளைகள் இல்லை. ஆயின் அவை எங்ஙனம் பிறக்கின்றன?

முளைக்கும் படகுக்கும் இடையே இறுகக் கட்டிய கயிற்றை நினைமின். அதனை அசைத்தால் முழுமையாக ஆடும். நடுவில் விரலால் இலேசாகத் தொட்டுக்கொண்டு விரைந்து அசைத்தால் இரு கூறாகவும், மூன்றிலொரு பங்கில் தொட்டால் மூன்று கூறாகவும் துடிக்கும். குழாயினுள் நிற்கும் காற்றும் அத்தகையதே. இரு கூறாகத் துடிப்பின் மேல் ஸ்தாயியும், மூன்று கூறாயின் அதற்கும் மேலான பஞ்சமமும் ஒலிக்கும். உச்ச ஸ்வரங்கள் இத்தகைய கூற்றொலிகளே.

மாற்று விரலமைப்பின் பயன் இப்போது விளங்கும். மூடிய துளைகளுக்கிடையே ஒன்றைத் திறத்தல், கயிற்றை விரலால் தொடுதலை ஒக்கும். அவ்விடத்தில் அழுத்தம் வேண்டிய ஒலி கெடும். வேண்டாத ஒலி நிலைக்கும். ஆல்டோவுக்குப் பொருந்தும் அமைப்பு டெனருக்குப் பொருந்தாமையும் உண்டு. ஆதலால் பட்டியலொன்றையே வேதமாகக் கொள்ளலாகாது.

எனினும் விரல் வழியைத் திறக்குமேயன்றி ஒலியைப் படைத்துத் தாராது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேர்ந்த வாசிப்பாளர் தம் வாயும் தொண்டையும் சேர்ந்த அறையின் ஒத்ததிர்வை உச்ச ஸ்வரத்துக்கு இசைய மாற்றுதல் கண்டறியப்பட்டது. அங்ஙனம் மாற்ற அறியாதார்க்கு அவ்வொலிகள் கைகூடவில்லை.

இதனை அனுபவத்தாலறிந்த ஸிகுர்ட் ராஷர், 1941-ல் வெளியான தமது 'டாப் டோன்ஸ்' என்னும் நூலில் விரலமைப்புக்கு முன்னரே கூற்றொலிப் பயிற்சியை வைத்தார். எல்லாத் துளைகளையும் மூடி மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை ஊதுக. பின்பு விரலை அசையாது அதன் மேல் ஸ்தாயியையும், அடுத்துப் பஞ்சமத்தையும் வருவிக்க. ஊதுமுன் அவ்வொலியை மனத்திற் பாடிக்கொள்ளுதல் வேண்டும். உதட்டை இறுக்குதல் தகாது. சாவிகள் நிறைந்த இக்கருவியிற் கமகங்களை இழைத்துக் கர்நாடக சங்கீதத்தை வளர்த்த கத்ரி கோபால்நாத்தும் (மறைவு 2019), இசை சாவியோடு முடிவதன்று என்பதையே மெய்ப்பித்தார்.

நம் மாணவர் பட்டியலை ஒதுக்கிவைத்து, இப்பயிற்சியை நாடோறும் கால் மணி நேரம் செய்தார். ஒரு மாலை, விரல் அசையாதிருக்கவே, தெளிந்த பஞ்சமம் ஒன்று எழுந்தது. ஒரே ஸ்வரந்தான், ஆயினும் அன்று பெட்டி நெடுநேரம் மூடப்படவில்லை.