அந்தப் பிள்ளை ஏன் வீட்டில் இல்லை?

ராமநாதபுரம் மாவட்டத்தில் அபிராமம், கமுதி, கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. முன்பு பர்மா, பிறகு மலேசியா, சிங்கப்பூர், இப்போது வளைகுடா. அங்கே வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, "பக்கத்துல ஏதாவது ஹோம் இருக்கா, ரெண்டு வாரம் வாலண்டியர் பண்ணணும்" என்று கேட்பதுண்டு. நல்ல மனசுதான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும் என்ற கணக்கும் அதில் கொஞ்சம் இருக்கலாம். இந்த மண்ணோடு எந்த உறவும் இல்லாத ஐரோப்பிய இளைஞர்களும் ஏஜென்சிக்குப் பணம் கட்டிவிட்டு இந்தியாவின் கிராமத்துக் காப்பகங்களைத் தேடி வருகிறார்கள். இவர்களுக்காகவும், பிள்ளையை ஹோமில் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கும் தாய்க்காகவும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காப்பகத்தில் இருக்கும் பிள்ளை என்றால் அநாதை என்றே நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. கம்போடியாவில் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த காப்பகக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டுப் பயணிகள் வர வர அங்கே காப்பகங்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. நம் ஊர்க் கதையும் வேறல்ல. அப்பா இறந்திருப்பார், அல்லது குடியில் கிடப்பார். அம்மா செங்கல் சூளைக்கோ கரிமூட்டத்துக்கோ போக வேண்டும். யாரோ ஒருவர் வந்து, "மூணு வேளை சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம், எல்லாம் ஃப்ரீ" என்பார். அந்தத் தாய் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 8 மாநிலங்களுக்கு எழுதி, காப்பகங்களில் உள்ள குழந்தைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. நாடு முழுவதும் காப்பகங்களில் இருந்த சுமார் 2.56 லட்சம் பேரில் 1.84 லட்சம் பேர் அந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். தமிழ்நாடும் அந்த எட்டில் ஒன்று.

இந்தியா முழுவதும் காப்பகங்களின் கதவைத் தட்டிய வழக்கு தமிழகக் கடற்கரையில் தொடங்கியது. மாமல்லபுரத்துக் காப்பகங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாவதாக ஒரு கட்டுரை வெளிவந்தது. அதையொட்டி 2007-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்தது. தீர்ப்பு வர 2017 மே ஆனது. எல்லாக் காப்பகங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடந்த பத்தாண்டுகளில் அந்தக் குழந்தைகளே பெரியவர்களாகியிருப்பார்கள். அதன் பிறகும் எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. 2021-இல் மதுரைக் காப்பகம் ஒன்றிலிருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் தயாரானது. விற்கப்பட்டிருந்த அந்தக் குழந்தையைப் போலீஸ் உயிரோடு மீட்டது.

அப்படியானால் நல்லபடியாக நடக்கும் ஹோமுக்குப் போய் இரண்டு வாரம் பிள்ளைகளோடு விளையாடுவதில் என்ன குற்றம்? குற்றம் இல்லைதான், ஆனால் பிள்ளைக்குக் கேடு உண்டு. புதிதாக வரும் அக்காவிடம் பிள்ளை ஒட்டிக்கொள்கிறது. பெயர் பழகி, மடியில் ஏறி, தலை வாரிக்கொள்ளும் உரிமை வரும்போது அக்கா விமானம் ஏறிவிடுகிறாள். அடுத்த மாதம் இன்னொரு அக்கா. எந்த அந்நியர் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து 'எவ்வளவு பாசம்!' என்று நெகிழ்கிறோம். நிலையான ஒரு ஆள் கிடைக்காத பிள்ளையிடம் காணும் அடையாளம் அது என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். யார் தொட்டாலும் பழகிப்போன பிள்ளைக்கு, கெட்ட எண்ணத்தோடு வருபவரைத் தனியாக அடையாளம் காணத் தெரியாமலும் போகலாம். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லத் தொண்டுப் பயணங்களால் வரும் தீங்கைக் குறிப்பிட்டே பேசுகிறது.

இனி சட்டம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பதிவு இல்லாமல் காப்பகம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பதிவுச் சான்று 5 ஆண்டுக்குத்தான் செல்லும். ஆகவே தேதியைப் பாருங்கள். ஆதரவற்ற குழந்தை எதுவானாலும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். குழுவின் உத்தரவு இருந்தால்தான் காப்பகத்தில் வைக்க முடியும். அந்த உத்தரவைப் பற்றிக் கேட்டதும் நிர்வாகி மழுப்பினால், அங்கே தொண்டு செய்யப் போக வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

போட்டோ விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. காப்பகக் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாள் கேக்கை ஊட்டிவிட்டு இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்கள் கவனிக்க. பாலியல் தொல்லை நடப்பதாகத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது. இரண்டு வாரம் மட்டுமே வந்து போகிறவருக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு விசா, பணம் என்று இரண்டு சிக்கல்கள். இ-டூரிஸ்ட் விசாவில் ஒரு மாதத்துக்கு மேற்படாத, சம்பளம் வாங்காத தொண்டுக்குத்தான் இடம். பணத்தில் பாஸ்போர்ட்தான் கோடு கிழிக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் மச்சான் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடிமகனாகிவிட்ட மாமா கொடுத்தால், இங்கே வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத காப்பகம் அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்ற அமைப்பும் டில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் பெற முடியும்.

பிள்ளையை ஏற்கெனவே சேர்த்துவிட்ட பெற்றோருக்கு: முத்திரைத்தாளில் உங்களிடம் வாங்கிய கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். குழந்தையை ஒப்படைப்பது குழந்தைகள் நலக் குழுவின் முன்தான் செல்லும். அங்கே எழுதிக் கொடுத்தாலும் மறுபரிசீலனைக்கு 2 மாத அவகாசம் உண்டு. காப்பகம் பிள்ளையைத் தர மறுத்தால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் நலக் குழுவிலும் மனு கொடுக்கலாம். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி தர வேண்டும் என்பது சட்டம். பிள்ளையைப் பார்க்கவே விடாமல் மறைத்துவைத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

சேர்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீட்டிலேயே வளர்க்க என்ன உதவி உண்டு? மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தர வழி இருக்கிறது. விதவைத் தாயோடு வாழும் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். இதற்கும் அதே பாதுகாப்பு அலகைத்தான் அணுக வேண்டும். ஒதுக்கீடு எல்லாருக்கும் போதாது. அந்த இடைவெளியில்தான் வெளிநாட்டு உறவினரின் பணத்துக்கும் ஜகாத்துக்கும் வேலை இருக்கிறது. ஹோமுக்கு ஒரு மாடி கட்டிக் கொடுப்பதைவிட, ஒரு தாய் சூளைக்குப் போகாமல் ஊரிலேயே தையல் மெஷினோடு உட்கார உதவுவது எனக்குப் பெரிய தொண்டாகப் படுகிறது. மாடிக்குக் கல்வெட்டு வைக்கலாம், தையல் மெஷினுக்கு வைக்க முடியாது என்பது ஒரு குறைதான்.

நேரத்தைத்தான் தர வேண்டும் என்பவர்கள் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு, 18 வயது முடிந்து காப்பகத்தை விட்டு வெளியேறுகிறவர்களைத் தேடலாம். 21 வயது வரை இவர்களுக்குப் பின்பராமரிப்பு உதவி தரச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கித் தர ஆள் வேண்டும். திருப்பூரிலோ சென்னையிலோ அறை எடுக்க அட்வான்ஸ், காலேஜ் சேர்க்கையில் 'பெற்றோர்' என்ற கட்டத்தில் எழுத ஒரு பெயர், முதல் இன்டர்வியூவுக்கு முன்னால் ஒத்திகை பார்க்க ஒருவர், பொங்கலுக்கு "எங்கப்பா இருக்கே?" என்று கேட்க ஒரு போன். இதையெல்லாம் கோலாலம்பூரில் இருந்தபடியே செய்யலாம், இரண்டு வாரத்துக்குப் பதில் பத்து வருஷம்.