வழுவும் வழுவமைதியும்

“2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படுமுன் கிண்ணியா மக்கள் திருகோணமலைக்குச் செல்லப் படகுப்பாதையில் ஏறி நீரைக் கடந்தது.”

இவ்வாக்கியத்தை வாசித்தவர்களுள் எத்தனை பேர் பிழையைக் கண்டிருப்பர்? செய்தி மெய்யானது, செவிக்கும் பெரிதாக உறுத்தவில்லை. ஆயினும் ‘மக்கள்’ என்னும் உயர்திணைப் பன்மை எழுவாய், ‘கடந்தது’ என்னும் அஃறிணை ஒருமைப் பயனிலையை ஏற்காது. ‘கடந்தனர்’ என்றே வரல் வேண்டும். ‘மக்கள் கடந்தது’ என இரண்டும் அருகருகே நின்றால் சிறு பிள்ளையும் நகைக்கும். இடையிலே ஐந்தாறு சொற்கள் புகுந்தமையால் செவி ஏமாந்துவிட்டது.

வழுவற்ற வாக்கியத்தைத் தெரிவுசெய்யும் வினாக்களிலே நம் மாணாக்கர் புள்ளி இழப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான் என்பது நம் எண்ணம். நான்கு விடைகளையும் வாய்க்குள் முணுமுணுத்து, காதுக்கு இசைந்ததைத் தெரிகின்றனர். பேச்சிலோ ‘தோணிகள் போனது’ என்றே நாம் அனைவரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தக் காதையே நீதிபதியாக அமர்த்தினால் தீர்ப்பு எப்படியிருக்கும்? இறுதி வினையைப் பிடித்துக்கொண்டு ‘யார்?’, ‘எது?’ என்று வினவி எழுவாயைக் கண்டறிவதே ஏற்ற வழி. “வாப்பாவும் நானும் கடற்கரைக்குச் சென்றார்கள்” என்பதில் ‘நான்’ கலந்திருப்பதால் ‘சென்றோம்’ என்பதே முடிபு. “ஒவ்வொரு மாணவர்களும்” என்பதில் ‘ஒவ்வொரு’ ஒருமையை வேண்டும். ‘ஒவ்வொரு மாணவரும்’ எனல் வேண்டும்.

சில பிழைகள் இச்சோதனைக்கும் தப்பிவிடும். “காற்றும் மழையும் பெய்தன” என்பதில் திணையும் எண்ணும் சரியே. ஆனால் மழை பெய்யும்; காற்று வீசும். இது மரபு வழு. பவணந்தி முனிவர் நன்னூலில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வகுத்த ஏழனுள் இறுதியானது.

வழுவைக் கூறிய இலக்கணம் வழுவமைதியையும் கூறியிருக்கிறது. நம் பரீட்சைப் பயிற்சிகளில் அதற்குரிய இடம் கிடைப்பதில்லை. உம்மா உண்ண அழைக்கிறார், விளையாட்டை விட்டு ஓரடியும் நகராத பிள்ளை “இதோ வந்துவிட்டேன்!” என்கிறது. வருங்காலத்தை இறந்தகாலத்தாற் சொன்னது காலவழு ஆகாதா? விரைவு பற்றி வந்தமையால் அது குற்றமன்று என்கின்றனர் இலக்கணகாரர். (பிள்ளை எப்பொழுது வந்தது என்பது வேறு விடயம்.) அன்பினாற் பசுவை ‘என் அம்மா வந்தாள்’ என்றழைப்பதும் இவ்வாறே அமையும். ஆகவே, யார், எந்நிலையில் கூறினார் என்பதை விளக்காமல் இத்தகைய வாக்கியத்தை வினாவாக இடுபவர், இரண்டு விடைகளுக்கு இடம்வைத்து ஒன்றுக்கு மட்டும் புள்ளி வழங்குகிறார். தவறு அப்பொழுது மாணாக்கருடையதன்று.

‘மாடு’ என்னும் சொல்லையே பாருங்கள். ‘மாடுகள்’ என்று விகுதி பெற்றால் ‘மேய்ந்தன’ என்பதே முடிபு. விகுதியின்றி நிற்கும் ‘மாடு’, ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாகிய பால்பகா அஃறிணைப் பெயர். ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ இரண்டும் வழாநிலையே. “பத்து மாடு மேய்ந்தன” என்றெழுதிய உங்கள் பிள்ளையின் தாளிற் சிவப்புக்கோடு விழுந்திருந்தால், ஆசிரியரிடம் பணிவுடன் கேட்கலாம். விதி நன்னூற் பெயரியலிலே இருக்கிறது.