தையல் யூனிட்டுக்கு நோயாளிப் பதிவேடு எதற்கு?

குண்டடத்தில் பத்துத் தையல் மிஷின் போட்டு, திருப்பூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வெட்டிய பீஸ் கட்டுக்கட்டாக டி.சி.யோடு (டெலிவரி சலான்) வரும், ஓவர்லாக், பேட்லாக் அடித்துத் திரும்பிப் போகும். கம்ப்யூட்டரில் அவருக்கு வேண்டியது வந்த பீஸ், போன பீஸ் கணக்கு, ஜிஎஸ்டி பில், சனிக்கிழமைக் கூலி. அவ்வளவுதான்.

மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் இதற்கெல்லாம் உதவும். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஆனால் 13-ஆம் பதிப்பு வரை அது ஒரே மூட்டை. கணக்கைக் கேட்டால் ஆஸ்பத்திரி நோயாளிப் பதிவு, பள்ளிக்கூடச் சேர்க்கை, ஓட்டல் அறை எல்லாம் கூடவே இறங்கும். வேண்டாததைத் திரையில் மறைக்கலாம். மறைத்தாலும் அவற்றின் அட்டவணைகள் டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அவற்றுக்கான திருத்தங்களும் ஓடும். அதில் ஒன்று பாதியில் நின்றால் பில் போடுகிற வேலையும் நிற்கும்.

2022-இல் வந்த 14-ஆம் பதிப்பில் மூட்டையைப் பிரித்தார்கள். ஊழியர், சம்பளப் பகுதி ஒரு தனி ஆப். நம்மூர் ஜிஎஸ்டி விதிகள் ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்று இன்னொரு ஆப். மருத்துவம், கல்வி, ஓட்டலும் வெளியே போயின.

கோப்புகளை வேறு பெட்டியில் போட்டால் பிரித்ததாகிவிடாது. பழைய பதிப்பில் பணம் கொடுக்கிற பகுதியின் நிரல், ஊழியர் செலவுக் கோரிக்கையைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது. பெயர் சொல்லி அழைத்தால் அது வீட்டில் இருந்தாக வேண்டும். இப்போது நடுப்பகுதியில் கொக்கி மட்டும் இருக்கிறது. சம்பள ஆப் வந்தால் தானே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டால் கொக்கி சும்மா இருக்கும். சம்பளத்துக்குக் கணக்கைத் தெரியும், கணக்குக்குச் சம்பளத்தைத் தெரியாது. சார்பு ஒருவழிப் பாதை. அதனால்தான் கூலி மட்டும் போதும் என்று சம்பள ஆப்பை நிறுவினாலும் ஈஆர்பிநெக்ஸ்ட்டும் கூடவே வந்துவிடுகிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நிட்டிங், டையிங், தையல் எல்லாம் தனித்தனிக் கூரை. ஆனாலும் 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தையல் யூனிட்டுகளும் திணறின. சாயம் போட்ட துணி வந்தால்தானே தைக்க!

எது வேண்டாம் என்று முடிவுசெய்வதில்தான் பலர் வழுக்குகிறார்கள். உதாரணத்துக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று ஒரு கட்டளை 2009 முதல் உண்டு. இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து, மற்றவற்றை ஒதுக்கிவிடும். கெர்னல் சிறுத்து, சீக்கிரமே கம்பைல் ஆகும். அன்று பென்டிரைவ் செருகவில்லையா? அதற்கான டிரைவர் போச்சு. மார்ச் மாதம் மட்டும் திறக்கிற ஆண்டுக் கணக்கும் இப்படித்தான் விடுபட்டுப்போகும்.

விருப்பப்பகுதி பத்து இருந்தால் சேர்க்கைகள் 1,024. எழுதியவர்கள் அத்தனையையும் சோதித்திருக்க மாட்டார்கள். பழைய டேட்டாவை வேறொரு கம்ப்யூட்டரில் நகலெடுத்து, நீங்கள் தேர்ந்த சேர்க்கையை நிறுவி, ஒரு டி.சி., ஒரு பில், ஒரு வாரக் கூலி போட்டுப் பாருங்கள். ஒரு மத்தியான வேலை.